விபத்துக்குப் பின் இரண்டு வருடங்கள்: நாம் அறியாத ஒரு சட்டமும் அதை நடத்தும் சட்டத்தரணிகளும்

என் தங்கையின் கணவர் புடவை வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று விற்பார். சம்பள நாட்களில்தான் அவருக்கு வியாபாரம். 2016 ஒக்டோபரில் தலவாக்கலையிலிருந்து லிந்துலைப் பக்கம் போகும் வழியில், ஒரு வளைவில் தனியார் பஸ் ஒன்று அவரை மோதியது. வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. லிந்துலை, நுவரெலியா, கண்டி என்று மூன்று வைத்தியசாலைகளில் நான்கு மாதங்கள் கிடந்தார். எழுந்தபோது அந்தக் கால் குட்டையாகிவிட்டது. மூட்டை தூக்கும் தொழில் அத்தோடு முடிந்தது.

அந்த நாட்களில் ஊர் எங்களைக் கைவிடவில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் சேர்த்த பணம்தான் சத்திரசிகிச்சைக்கு உதவியது. பஸ் சாரதிக்கு நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் விதிக்கப்பட்டது. "வழக்கு முடிஞ்சிட்டு. தக்தீர், பொறுத்துக்கொள்ளுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். படித்தவன் என்று குடும்பத்தில் பெயரெடுத்த நானும் அதையே சொன்னேன்.

2019 ஜனவரியில் வேறொரு காணி விடயமாக நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் மச்சானின் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சேர், எக்ஸிடன்ட் நடந்த திகதி என்ன?" சொன்னேன். பேனையைக் கீழே வைத்தார். "மூணு மாசம் பிந்திட்டீங்க" என்றார்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயின்று இருபது வருடங்களாகக் கற்பிக்கும் சாதாரண ஆசிரியன். அன்று கேட்டதையும் பின்னர் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இன்னொரு குடும்பம் அந்த மூன்று மாதத்தைத் தவறவிடக் கூடாது என்பதே நோக்கம்.

தண்டம் வேறு, நட்டஈடு வேறு

விபத்தொன்று நடந்தால் இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒன்று குற்றவியல் பாதை. பொலிஸார் சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பார்கள். அங்கே விதிக்கப்படும் தண்டம் அரசாங்கத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்குமாறு கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு. ஆனால் ஒரு வாழ்நாளின் இழப்பைக் கணக்கிடும் இடம் அதுவல்ல.

மற்றையது சிவில் பாதை. அதை மாவட்ட நீதிமன்றத்தில் நாமே தொடங்க வேண்டும். பொலிஸார் நமக்காக அதைச் செய்யமாட்டார்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, மற்றவரின் கவனயீனத்தால் ஏற்பட்ட காயத்துக்கும் இழப்புக்கும் இரண்டு வருடங்களுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு இழுபடுகிறது, அது முடியட்டும் என்று காத்திருந்தால் இந்த இரண்டு வருடமும் ஓடிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

யாரிடமிருந்து வாங்குவது என்ற கேள்வி வரும். சாரதி ஏழையாக இருக்கலாம். ஆனால் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் காப்புறுதி வாகனக்காரருக்காக அல்ல, வீதியில் செல்லும் நமக்காக. வழக்கில் வென்றால் தொகையைச் செலுத்தும் பொறுப்பு காப்புறுதி நிறுவனத்தைச் சேரும். அதற்கு, வழக்குப் பற்றி அந்த நிறுவனத்துக்கும் சட்டம் சொல்லும் காலத்துக்குள் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பணம் பெற முடியாமல் போவோரும் உண்டு.

இந்தச் சட்டத்தரணி என்ன செய்கிறார்?

அமெரிக்காவில் காய நட்டஈட்டு வழக்குகளை மட்டுமே நடத்தும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். நம் நாட்டின் சிறு நகரங்களில் அப்படித் தனியாக ஒருவரைக் காண்பது அரிது. காலையில் காணி வழக்குப் பேசியவரே பகலில் விபத்து வழக்கும் பேசுவார். சட்டக் கல்லூரியில் படித்தோ, பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்துக்குப் பின் அக்கல்லூரியின் இறுதிப் பரீட்சைகளை எழுதியோ, பயிற்சி முடித்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள் இவர்கள்.

விபத்து வழக்கில் அவரது வேலையில் பாதி நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டை, மருந்துப் பற்றுச்சீட்டுகள், கண்ணால் கண்டவர்களின் விபரங்கள் என எல்லாவற்றையும் சேர்ப்பார். பின் எதிர்த்தரப்புக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்புவார். பல விடயங்கள் இந்தக் கட்டத்திலேயே சமரசமாகும். ஆகாவிட்டால்தான் வழக்கு.

வழக்கில் அவர் மூன்று விடயங்களை நிரூபிக்க வேண்டும். எதிராளிக்கு நம்மீது கவனமாக இருக்கும் கடமை இருந்தது; அவர் அதில் தவறினார்; அந்தத் தவறினால்தான் இந்த இழப்பு வந்தது. நம்மிலும் பிழை இருந்தால் வழக்கு முழுதாகத் தோற்றுவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நம் பிழையின் பங்குக்கு ஏற்பத் தொகை குறைக்கப்படும்.

அடுத்தது கணக்கு. செலவழித்த பணம், இழந்த வருமானம், இனி இழக்கப் போகும் வருமானம், பட்ட வேதனை. இங்கேதான் நம்மவர்கள் பலவீனமாக நிற்கிறோம். மச்சான் மாதம் எவ்வளவு உழைத்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கடன் கொப்பி ஒன்றுதான் இருந்தது. அதுவும் விபத்தன்று மூட்டையோடு போனது. தோட்டத் தொழிலாளிக்காவது சம்பளச் சிட்டும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவும் இருக்கும். நம் சிறு வியாபாரிகளுக்கு அதுவும் இல்லை. வங்கிக் கணக்கில் மாதாமாதம் கொஞ்சம் போட்டு எடுக்கும் பழக்கம்கூட ஒருநாள் சாட்சி சொல்லும்.

நத்தையும் அயலவரும்

'கவனமாக இருக்கும் கடமை' என்ற எண்ணம் உலகுக்குத் தெளிவாகியது ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கினால். 1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், கடை ஊழியரான மே டொனஹியூ என்பவர் ஜிஞ்சர் பியர் குடித்தார். போத்தலில் அழுகிய நத்தை இருந்ததாகவும் அதனால் நோயுற்றதாகவும் சொன்னார். போத்தலை வாங்கிக் கொடுத்தது தோழி. ஆகவே டொனஹியூவுக்கும் கடைக்காரருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை, உற்பத்தியாளரோடும் இல்லை.

அவருக்காக நின்றவர் வோல்டர் லீச்மன் என்ற கிளாஸ்கோ சட்டத்தரணி. போத்தலுக்குள் எலி கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்குகளை நடத்தி அப்போதுதான் தோற்றிருந்தவர். தோற்ற கையோடு இந்த வழக்கை எடுத்தார். டொனஹியூ தன்னை வறியவர் என்று பிரகடனம் செய்தே பிரபுக்கள் சபை வரை சென்றார். 1932இல் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் முடிவானது. என் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நான் நியாயமாக எண்ண வேண்டிய எவரும் சட்டத்தின் கண்ணில் என் அயலவரே என்று அட்கின் பிரபு விளக்கினார். நத்தை இருந்ததா என்பது கடைசிவரை விசாரிக்கப்படவில்லை. உற்பத்தியாளர் மரணித்த பின் 200 பவுனுக்கு விடயம் சமரசமானது. அயலவரின் உரிமை பற்றி வாரந்தோறும் குத்பாவில் கேட்கும் நமக்கு இந்த விளக்கம் புதிதாகத் தோன்றாது.

நம் நாட்டில் ஒரு தந்தையின் வழக்கு

இலங்கையில் இத்துறையில் மிகவும் பேசப்பட்டது பிரியானி சொய்சா எதிர் ரியன்சி அர்சகுலரத்ன வழக்கு. 1992இல் நான்கு வயது மகளை மூளைக் கட்டி நோய்க்குப் பறிகொடுத்த தந்தை, தானும் சட்டத்தரணி, பிரபல சிறுவர் நோய் நிபுணருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் கவனயீனம் இருந்தது என்று கண்டது. ஆனால் அந்தக் கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறித் தந்தையின் கோரிக்கையைத் தள்ளியது. நான் மேலே சொன்ன மூன்றாவது விடயம் எவ்வளவு கடினமானது என்பதற்கு இதுவே உதாரணம்.

நாம் பின்பற்றும் ரோமன் டச்சுச் சட்டத்தில் பிள்ளையை இழந்த துக்கத்துக்கு விலை இல்லை, பண இழப்புக்கு மட்டுமே நட்டஈடு என்பதும் அந்த வழக்கில் தெளிவானது. பின்னர் பாராளுமன்றம் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பிறரின் தவறால் ஒருவர் இறந்தால், அவரது அன்பையும் பராமரிப்பையும் இழந்த நெருங்கிய குடும்பத்தினரும் இன்று நட்டஈடு கேட்கலாம்.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும்

மலையகத்தில் விபத்து என்றால் வீதி மட்டுமல்ல. கொழுந்து பறிக்கும்போது குளவிக் கொட்டு, மலைச்சரிவில் வழுக்கி விழுதல், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கும் கை. என் வகுப்புப் பிள்ளை ஒருவரின் தந்தை இப்படி மூன்று விரல்களை இழந்தார். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அவர் வாசிக்க முடியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வாங்கிவிட்டார்கள்.

இவர்களுக்காகவே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இங்கே தொழில் தருநரின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் ஏற்பட்டது என்பது போதும். கோரிக்கை மாவட்ட நீதிமன்றத்துக்கு அல்ல, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளையும் சேர்த்தது. ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் நட்டஈடு பெற முடியாது. எந்தப் பாதை நல்லது என்பதை ஆலோசித்துத் தெரிவு செய்ய வேண்டும். இது தோட்டத் தொழிலாளிக்கு மட்டுமான சட்டமல்ல. நம் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் பொருந்தும். முதலாளிமார்களான நம்மவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று

துயரம் இருக்கும் இடத்துக்குத் தரகரும் வருவார். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அமெரிக்க நட்டஈட்டுச் சட்டத்தரணிகள் விமானமேறி வந்து, துயரத்தில் இருந்தவர்களிடம் கையொப்பமும் கைநாட்டும் சேகரித்தார்கள். அடுத்த ஆண்டே இந்திய அரசு சட்டம் இயற்றி, எல்லோருக்காகவும் தானே வழக்காடும் உரிமையை எடுத்துக்கொண்டது. 1989இல் 470 மில்லியன் டொலருக்குச் சமரசம் செய்தது. பாதிக்கப்பட்டவர்களின் விருப்பத்தைக் கேளாமல் செய்த அந்தச் சமரசத்தின் மீதான மனக்குறை இன்றும் ஓயவில்லை. வெளியார் ஆனாலும் அரசு ஆனாலும், நம் பெயரில் என்ன நடக்கிறது என்பதை நாம் கேட்டு அறிய வேண்டும். வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து காகிதம் நீட்டுபவரிடம் கையொப்பம் இடாதீர்கள்.

தக்தீரும் திகதியும்

விதியை ஈமான் கொண்ட நாம் வழக்குப் பேசுவது பொறுமையின்மையா? மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அக்குடும்பத்துக்குத் திய்யத் கொடுக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தில் உள்ள சட்டம். மன்னிப்பது அக்குடும்பத்தின் உரிமை. மன்னிக்கும்படி ஊர் அவர்களை நெருக்குவது வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. காப்புறுதிப் பணம் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்கட்டும். ஆனால் அந்தத் தெளிவையும் இரண்டு வருடங்களுக்குள் கேட்டுவிட வேண்டும்.

1905இல் அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணியின் துருக்கித் தொப்பியைக் கழற்றச் சொன்னபோது இந்நாட்டு முஸ்லிம்கள் ஒன்றுதிரண்டார்கள். ஒருவரின் தலையில் இருந்த தொப்பி சமூகத்தின் விடயமானது. ஒருவரின் முறிந்த காலும் அப்படி ஆகலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விபத்து நடந்த வீட்டுக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கும் அன்றே, ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். அவர் திகதியைக் குறித்துக்கொள்ளட்டும். பொலிஸ் பிரதியை எடுக்கட்டும். பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் போடட்டும். ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் செல்லட்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மச்சான் இப்போது வீட்டு வாசலில் சிறு கடை வைத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தச் சட்டத்தரணி சொன்னதை நான் தங்கையிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பின், "அப்ப நீங்க யாருக்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நானா" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன்.