கேரவனில் ஒரு நாய்: முட்டத்து நண்பகல் கணக்கு

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. படுக்கையும் அடுப்பும் கொண்ட வண்டியில் ஊர் சுற்றும் குடும்பத்தோடு வளர்ப்பு நாயும் வருவது இயல்புதானே!

அப்படி ஒரு வண்டி திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக முட்டத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதம், நண்பகல். கலங்கரை விளக்கத்துக்கு அருகே வண்டியை நிறுத்துகிறார்கள். என்ஜினை அணைத்ததும் குளிர்சாதனமும் நின்றுவிடுகிறது. பாறைகள் வழுக்கும் என்பதால் நாயை உள்ளே விட்டு, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, "அரை மணியில் வந்துவிடலாம்" என்று கடல் பார்க்கப் போகிறார்கள். நாய் பிழைக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முட்டம் ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் 10-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் திறன் சுமார் 1000 வாட். 6 சதுர மீட்டர் கூரை என்றால் 6000 வாட்! இதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் 600 வாட் ஆகிறது. அதாவது, ஒரு சிறு மின்னடுப்பை உள்ளே எரியவிட்டதற்குச் சமம்.

காருக்குள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வெயிலில் நிறுத்திய காரின் உட்புற வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்ததால் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. கேரவன் காரைவிடப் பெரியது. கூரையில் வெப்பத்தடுப்பும் இருக்கலாம். அதனால் சூடு ஏறுவது தாமதமாகும், நின்றுவிடாது.

இனி நாயைக் கவனிப்போம். அதன் உடல் வெப்பநிலை சுமார் 39 பாகை. 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்கும் வசதி அதற்கு இல்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். எனவே நாக்கை நீட்டி இளைக்கிறது. நாக்கிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரம் ஆவியாகும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். இளைப்பதும் உழைப்புத்தானே, அதனால் உடல் மேலும் சூடாகாதா? நிமிடத்துக்கு 30 தடவை போல மூச்சுவிடும் நாய், இளைக்கும்போது 300 தடவைக்கு மேல் விடுகிறது. இந்த வேகம் அதன் மார்புக்கூடு, நுரையீரல் ஆகியவற்றின் இயல் அதிர்வெண்ணுக்கு மிக அருகில் உள்ளது என்று 1962-இல் கிராஃபோர்டு என்பவர் காட்டினார். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தட்டினால் சிறு விசையே போதும் அல்லவா? அதே ஒத்ததிர்வுதான் இது. பாடப்புத்தகத்தில் இசைக்கவையோடு நின்றுவிடும் பாடம் நாயின் நெஞ்சுக்குள்ளும் நடக்கிறது!

இவ்வளவு நல்ல ஏற்பாடு எங்கே தோற்கிறது? காற்றின் ஈரத்தில்தான். 1775-இல் சார்லஸ் பிளாக்டன் இலண்டனில் நடந்த ஒரு சோதனையை விவரித்தார். நூறு பாகைக்கு மேல் சூடேற்றிய உலர்ந்த அறையில், கால் சுடாதபடி கூடைக்குள் வைக்கப்பட்ட ஒரு நாய் அரை மணி இருந்தும் பிழைத்தது. (இன்று இப்படிச் செய்ய யாரும் அனுமதிக்கமாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.) காற்று உலர்ந்திருந்ததால் ஆவியாதல் தடையின்றி நடந்தது.

முட்டத்தில் வீசுவதோ கடற்காற்று. 33 பாகையில் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏற்கெனவே 25 கிராம் நீராவி இருக்கும். நாக்கின் வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடியது சுமார் 48 கிராம். மிச்சம் 23 கிராமுக்குத்தான் இடம். 20 கிலோ எடையுள்ள நாய் தன் உடல் வெப்பத்தை மட்டும் போக்கவே மணிக்கு ஏறக்குறைய 70 கிராம் நீரை ஆவியாக்க வேண்டும். 3 கன மீட்டர் காற்றுள்ள மூடிய காரில் அந்த இடம் ஒரு மணியில் தீர்ந்துபோகும். கேரவனில் இடம் அதிகம். ஆனால் உட்புறம் 39 பாகையைத் தாண்டியதும் காற்றே நாயைச் சுடத் தொடங்குகிறது. நாய் இன்னும் வேகமாக இளைக்கிறது. தன் மூச்சாலேயே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. மூக்கு சப்பையான 'பக்' போன்ற நாய்களுக்கு ஈரப்பரப்பும் குறைவு. அவற்றின் நிலை இன்னும் மோசம்.

ஆகவே இரண்டு விரற்கடை இடைவெளி போதாது. எதிரெதிர்ப் பக்கங்களில் சன்னல்கள் முழுதும் திறந்து கடற்காற்று குறுக்கே ஓட வேண்டும், கூரைக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், கூடவே ஓர் ஆளும் வேண்டும். தென்னை நிழலை நம்பாதீர்கள். சூரியன் மணிக்கு 15 பாகை கோணம் நகர்கிறது, நிழலும் நகர்ந்துவிடும்.

வண்டி ஓடும்போது வேறொரு கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எனவே நாயைக் கட்டுவாரில் பூட்டியோ, நன்கு பொருத்திய கூண்டிலோதான் கொண்டுவர வேண்டும். காரின் பின்னால் இழுத்துவரும் கேரவன் என்றால், ஓட்டத்தின்போது நாய் அதற்குள் இருக்கவே கூடாது. அங்கே அது இளைத்தாலும் விழுந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது.

தள்ளாட்டம், மிகுந்த எச்சில், வாந்தி ஆகியவை தெரிந்தால் உடனே நாயை நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். உடல் முழுதும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்திவிடாதீர்கள், அது ஆவியாதலைத் தடுக்கும். முதலில் குளிர்விப்பு, பிறகு தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம். போகும் வழியிலும் சன்னல்களைத் திறந்தே வையுங்கள்.