'மெயில் ஐ.டி-யா... பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்!' - இனி நீங்களே திறக்கலாம் ஜிமெயில்

வங்கி, ஸ்கேன் சென்டர், இன்ஷூரன்ஸ், பிள்ளையின் கல்லூரி அட்மிஷன் என்று எந்த கவுன்டரில் போய் நின்றாலும், போன் நம்பருக்கு அடுத்து வரும் கேள்வி, "மெயில் ஐ.டி சொல்லுங்க." அங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் பலரும், வயதானவர்களும் கொஞ்சம் தயங்குவார்கள். "பையனோடதைப் போட்டுக்கோங்க", "வீட்டுக்காரர் நம்பருக்குப் போன் பண்ணிக் கேட்கிறேன்" என்பார்கள். அந்த நேரத்துக்கு வேலை முடிந்துவிடும். ஆனால், உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவும், டெபாசிட் முதிர்வுத் தகவலும், ரயில் டிக்கெட்டும் அதன்பிறகு இன்னொருவர் பெட்டிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

தோழி ஒருத்தியின் அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். பாலிசி, பிக்சட் டெபாசிட், வீட்டு வரி ரசீது எல்லாமே அவருடைய மெயிலுக்குத்தான் வரும். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய சிம்மும் ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்துவிட்டதால், ஓ.டி.பி வாங்கவும் வழியில்லை. எந்த வங்கியில் எவ்வளவு போட்டார் என்பதை, பீரோவில் இருந்த பழைய பாஸ்புக்குகளை வைத்து அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தார். அதற்கே நான்கைந்து மாதம் ஆனது.

அதனால் ஜிமெயில் கற்றுக்கொள்வதை 'கம்போஸ்' பட்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சாவி யார் கையில்?

"எனக்கு மெயிலே கிடையாதும்மா" என்பவர்களிடம்கூட ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப் இறக்க வேண்டுமென்றால்கூட ஒரு கூகுள் கணக்கு வேண்டும். போன் வாங்கிய அன்று கடைத் தம்பியோ, பக்கத்து வீட்டுப் பையனோ இரண்டு நிமிடத்தில் ஒன்றை உருவாக்கிக் கொடுத்திருப்பார். பிளே ஸ்டோரையோ ஜிமெயில் ஆப்பையோ திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் மெயில் முகவரி அங்கே இருக்கும். அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் கூகுள் கணக்கை நிர்வகிக்கும் பகுதிக்குள் போனால், 'செக்யூரிட்டி' என்று ஒன்று இருக்கும். அங்கே பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, ரெகவரி போன் நம்பர். அது உங்களுடையதா, உருவாக்கிக் கொடுத்தவருடையதா? இரண்டாவது, இந்தக் கணக்கு எந்தெந்த போன், கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்ற பட்டியல். தெரியாத கருவி ஏதாவது இருந்தால் அங்கேயே வெளியேற்றிவிடலாம். மூன்றாவது பாஸ்வேர்டு. அது இன்னொருவருக்குத் தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' வழியாகப் போகலாம். ரெகவரி நம்பர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்துகள் இருக்க வேண்டும். பேரன் பெயர், பிறந்த வருடம், கல்யாண நாள் எதுவும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று, நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஓர் எண்ணைப் போட்டால் போதும். 'அம்மி, குடை, முருங்கை, 47' என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்!) "பாஸ்வேர்டைத் தாளில் எழுதக் கூடாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். நகை இருக்கும் பீரோவில் ஒரு நோட்டில் எழுதிவைப்பது, தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவைப்பதைவிட எவ்வளவோ மேல்.

புதிதாகவே தொடங்க நினைப்பவர்களுக்கும் பத்து நிமிடம் போதும். பெயர், பிறந்த தேதி, விருப்பமான முகவரி கேட்கும். முகவரி 6 முதல் 30 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். சொந்தப் பெயரையொட்டியே வையுங்கள். கல்லூரி நாள்களில் விளையாட்டாக 'ஸ்வீட் ராட்சசி' என்று வைத்துவிட்டு, இன்று வங்கி மேனேஜரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்களை எனக்குத் தெரியும். நடுவில் வைக்கும் புள்ளியை ஜிமெயில் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும்.

லீவ் லெட்டர் எழுதியிருக்கிறீர்களா?

போன மாதம் என் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்ட அலுவலகத்துக்கு எத்தனையோ மனுக்கள் எழுதிய கை. 'கம்போஸ்' தொட்டதும் திறந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்டி, இது நம்ம லெட்டர் மாதிரியேதானே இருக்கு?"

"லெட்டரேதான் பெரியம்மா."

"அப்ப இதுக்குப் போயா இத்தனை நாளா பயந்தேன்?"

அவர் சொன்னது சரிதான். பள்ளிக்கூடத்தில் எழுதிய விடுப்பு விண்ணப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்புநர் என்பது 'ஃப்ரம்'. அதை நாம் எழுதவே வேண்டாம், தானாக வந்துவிடும். பெறுநர் என்பது 'டு'. 'பொருள்' என்று எழுதிக் கோடு போடுவோமே, அதுதான் 'சப்ஜெக்ட்'. கடைசியில் 'இணைப்பு: சான்றிதழ் நகல்' என்று எழுதிப் பின் குத்துவோமே, அதுதான் 'அட்டாச்மென்ட்'. பின்னுக்குப் பதிலாக இங்கே ஜெம் கிளிப் படம் இருக்கும். இடம், நாளுக்கு வேலையில்லை. தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

'சிசி' என்றால் கார்பன் காப்பி. டைப்ரைட்டர் காலத்தில் இரண்டு தாளுக்கு நடுவே நீலக் கார்பன் வைத்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஒருவருக்கு எழுதி, மற்றவரின் தகவலுக்காக இன்னொரு நகல் அனுப்புவது. 'பிசிசி' என்றால் நகல் போகும், ஆனால் யாருக்குப் போனது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அப்பார்ட்மென்ட் சங்கத்திலிருந்து 40 வீட்டுக்கு ஒரே தகவல் அனுப்பும்போது எல்லோருடைய முகவரியையும் எல்லோருக்கும் காட்டாமல் இருக்க இதைப் பயன்படுத்தலாம். அப்படி ஒரு மெயில் எல்லோர் பெயரோடும் வந்தால், பதில் போடும்போது 'ரிப்ளை'யா, 'ரிப்ளை ஆல்' ஆ என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். செக்ரட்டரிக்கு மட்டும் சொல்ல நினைத்த குறை 40 வீட்டுக்கும் போனால் அடுத்த மீட்டிங் களைகட்டும்.

சப்ஜெக்ட்டைக் காலியாக விடாதீர்கள். ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கும் அலுவலருக்கு, 'பெயர் திருத்தம் கோருதல் - பாலிசி எண்...' என்று இருந்தால்தான் திறக்கவே தோன்றும். இணைக்கும் ஃபைலின் பெயரிலும் அதே கவனம் வேண்டும். வெறும் எண்ணாக வரும் போட்டோவை, உங்கள் பெயரும் சான்றிதழின் பெயரும் வரும்படி மாற்றி அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு போனின் கூகுள் டிரைவ் ஆப்பில் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. அதில் எடுத்தால் பி.டி.எஃப் ஆகவே கிடைக்கும், ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு மெயிலில் 25 எம்.பி வரைதான் நேரடியாக இணைக்கலாம். அதற்கு மேல் போனால் டிரைவ் லிங்க்காக மாறிவிடும்.

அனுப்பிய நொடியே 'ஐயோ' என்று தோன்றினால் கீழே வரும் 'அன்டூ'வைத் தொடுங்கள். வழக்கமாக 5 விநாடிதான் அவகாசம். கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸ் போய் அதை 30 விநாடியாக நீட்டித்துக்கொள்ளலாம். முதல் வேலையாக இதைச் செய்துவையுங்கள்.

"மெயில் வரவே இல்லையே..."

பெரும்பாலும் வந்திருக்கும். இன்பாக்ஸில் இல்லையென்றால் 'ப்ரொமோஷன்ஸ்', அடுத்து 'ஸ்பாம்' இரண்டையும் பாருங்கள். வேலைக்கான அழைப்பு, ஹால் டிக்கெட் போன்றவைகூட சில சமயம் ஸ்பாமில் போய் விழும். அங்கே 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். குப்பைக்கூடைக்கும் அதே 30 நாள் கணக்கு. பழைய மெயிலை விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டாம். மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் வங்கியின் பெயரையோ, அனுப்பியவர் பெயரையோ அடித்தால் போதும்.

உண்மையிலேயே வராமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. பெட்டி நிரம்பியிருக்கலாம். ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாக 15 ஜி.பி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இந்தக் கணக்கில்தான் சேருகிறது. தினமும் வரும் 'குட்மார்னிங்' வீடியோக்கள் இடத்தை அடைத்துவிட்டால், புதிய மெயில் உள்ளே வராது. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜி.பி இடத்தோடு அறிமுகமானபோது, பலரும் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். அப்போது ஹாட்மெயில் தந்தது 2 எம்.பி. இன்று 15 ஜி.பி நமக்குப் போதவில்லை.

அந்த ஹாட்மெயிலை 1996-ல் தொடங்கியவர்களில் ஒருவர் இந்தியரான சபீர் பாட்டியா. எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் பிரவுசர் வழியாக மெயிலைத் திறக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. உங்கள் போன் தொலைந்தாலும் மெயில்கள் தொலையாது. அவை போனில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. இதே வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் திறந்துவிட்டு 'சைன் அவுட்' செய்யாமல் வந்தால், அடுத்து உட்காருபவர் உங்கள் பெட்டியைப் படிக்கலாம். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று அங்கே கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

'வருமான வரி ரீஃபண்ட்', 'கே.ஒய்.சி காலாவதி' என்று பதறவைக்கும் மெயில் வந்தால், அனுப்பியவரின் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். பெயரை யார் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தால் பெரும்பாலான போலிகள் பிடிபட்டுவிடும். சந்தேகமாக இருந்தால் அந்த லிங்க்கைத் தொடாமல், பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்னொன்று. 2 வருடம் திறக்காமலேயே கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பர் முதல் கூகுள் கொண்டுவந்திருக்கிறது. மகள் ப்ளஸ் டூ படித்தபோது விண்ணப்பத்துக்காகத் தொடங்கி மறந்துபோன மெயில் ஏதாவது இருந்தால், ஒரு முறை உள்ளே போய் ஒரு மெயிலைத் திறந்து படித்துவிட்டு வாருங்கள்.

தோழியின் அம்மா இப்போது தன் பெயரில் ஒரு ஜிமெயில் வைத்திருக்கிறார். டெபாசிட் விவரம் எல்லாம் அதற்கே வருகிறது. கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒன்று இருப்பதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேடி எடுத்தோம். நாம் 3 மாதம் முதல் 18 மாதம் வரை எவ்வளவு காலம் கணக்கைப் பயன்படுத்தாமல் இருந்தால், யாருக்குத் தகவல் போக வேண்டும், அவர்கள் எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி. 10 பேர் வரை சேர்க்கலாம். அவர் இரண்டு மகள்களையும் சேர்த்துவிட்டு, காலம் 3 மாதம் போதும் என்றார்.