எட்டோடு நின்றுபோகும் சீருடை

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பாருங்கள். யார் வீட்டில் பணம் புரண்டது, யார் வீட்டில் புரளவில்லை என்று கேட்காமலே தெரியும். சிலர் புதுச் சீருடையில் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் எட்டாம் வகுப்புச் சட்டையிலேயே வந்திருப்பார்கள். இன்னும் சிலர் வந்திருக்கவே மாட்டார்கள். ஆசிரியர் விசாரித்தால், "தைக்கக் குடுத்திருக்கோம் சார், வந்ததும் அனுப்புறேன்" என்று அம்மா சொல்லுவார். உண்மையில் துணியே எடுத்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் விலையில்லாச் சீருடைத் திட்டம் 1985இல் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும், சத்துணவுத் திட்டத்தில் பெயருள்ள பிள்ளைகளுக்கு இன்று ஆண்டுக்கு 4 செட் சீருடை கிடைக்கிறது. அளவு சரியில்லை, பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்ற குறைகள் உண்டு. ஆனாலும் கூலிக்குப் போகும் நம் தெருவின் வீடுகளுக்கு அது பெரிய கைதூக்கல்தான்.

அந்தக் கை எட்டாம் வகுப்போடு விலகிக்கொள்கிறது. பழைய சட்டையை வைத்து ஓட்டவும் வழியில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் 9, 10 வகுப்புகளுக்கு ஒரு நிறம், 11, 12 வகுப்புகளுக்கு வேறு நிறம். அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்றால், அந்த வயதில் பிள்ளைகள் வளரும் வேகத்துக்குச் சட்டை அண்ணனிடமே கிழிந்துபோகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்குச் சுமார் 1,000 ரூபாய் என்று வையுங்கள். துவைத்துப் போட இரண்டு செட்டாவது வேண்டும். அண்ணன் பதினொன்றாம் வகுப்பு, தங்கை ஒன்பதாம் வகுப்பு என்றால் அந்த வீட்டுக்கு 4,000 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். அதுவும் முழுதாகக் கைக்கு வந்தால், 12 நாள் கூலி சீருடைக்கே போகிறது. அந்தப் 12 நாளும் அடுப்பு எரிய வேண்டாமா? நிலமுள்ளவர் விளைச்சலைக் காட்டிக் கடன் வாங்குவார். நிலமில்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார், அல்லது கூலியை முன்பணமாகக் கேட்டு அதே வயலில் கட்டுப்பட்டு நிற்கிறார்.

"ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குத்தான் உதவித்தொகை வருகிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். வருகிறது. 9, 10 வகுப்புக்கு ஒரு திட்டம், 11 முதல் இன்னொரு திட்டம் இருக்கின்றன. ஆனால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று எல்லாம் சரிபார்த்துப் பணம் வரும்போது பள்ளி திறந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். சட்டை தேவைப்படுவதோ ஜூன் மாதத்தில்.

இது வெறும் துணிக் கணக்கு இல்லை. பள்ளிக்குத் தன் வீட்டிலிருந்து கோணி கொண்டுபோய் அதில் தனியே உட்கார வைக்கப்பட்ட சிறுவன்தான் பின்னாளில் அண்ணல் அம்பேத்கர். யார் எந்தத் தெரு என்று வகுப்பறையில் தெரியக் கூடாது என்பதற்குத்தான் சீருடை. அந்தச் சீருடையே இல்லாதபோது, எந்தத் தெருப் பிள்ளை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கூச்சம் சாதாரணமானதல்ல. இரண்டு நாள் லீவு பத்து நாளாகிறது. பத்து நாளானவன் செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ போய்விடுகிறான். பெண் பிள்ளை என்றால் வீட்டில் நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள்.

அரசால் முடியாததல்ல இது. அரசுப் பள்ளியில் பாடநூல் 12ஆம் வகுப்பு வரை விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளிக்குப் போய்வரப் பஸ் பாஸ் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் தருகிறார்கள். புத்தகமும் பஸ்ஸும் சைக்கிளும் பன்னிரண்டு வரை கூட வரும்போது, சட்டை மட்டும் ஏன் எட்டிலேயே இறங்கிக்கொள்ள வேண்டும்?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. மே 1 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும் நேரம் அது. 12ஆம் வகுப்பு வரை சீருடை வேண்டும் என்ற தீர்மானத்தை அங்கே கேட்டு எழுத வைப்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர், சீருடை இல்லை என்று எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் பேசலாம். படித்த இளைஞர்கள் தெருவில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, சான்றிதழ்களையும் வங்கிக் கணக்கையும் கோடை விடுமுறையிலேயே சரிசெய்து கொடுக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு வாசலில் நம் பிள்ளை எந்தச் சட்டையோடு நின்றாலும் உள்ளே அனுப்புங்கள் என்பது இன்றைய கோரிக்கை. அந்தச் சட்டையை அரசே கொடுக்கட்டும் என்பது நாம் விடாமல் கேட்க வேண்டிய உரிமை.