தடிமனான ஒயர், சின்ன ஓட்டை

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, யு.பி.எஸ்.சும் வாங்கியாயிற்று. மாடி அறைக்குத் தனி லைன் வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்கிறீர்கள். அவரும் 4 சதுர மி.மீ. ஒயர் இழுக்கிறார். தூரம் அதிகமென்றால் இது நல்ல முடிவுதான். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஒயரில் 6 ஆம்பியர் போனால் சுமார் 5 வோல்ட் குறையும். 4 ஒயரில் 2 வோல்ட்டுக்குள்தான்.

சிக்கல் கடைசி ஒரு இஞ்ச்சில் இருக்கிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டின் ஓட்டைக்குள் இந்த ஒயர் பல நேரம் நுழையாது. உடனே என்ன செய்வார்கள்? கட்டிங் பிளேயரால் பாதி இழைகளை வெட்டிவிட்டு மீதியைச் செருகி ஸ்குரூவை முறுக்கிவிடுவார்கள். 56 இழைகளில் 28 போனால் அந்த இடத்தில் உங்கள் ஒயர் 2 சதுர மி.மீ. தான். அதைவிட மோசம், சிதறிய இழைகள் ஸ்குரூவுக்கு அடியில் சரியாகச் சிக்காது. அந்த லூஸ் இணைப்பில் அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 4 ஆம்பியர் ஓடினால் 8 வாட்ஸ் வெப்பம், பட்டாணி அளவு இடத்தில்! பிளாஸ்டிக் உருகும். எம்.சி.பி. டிரிப் ஆகாது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடவே இல்லை.

கரண்ட் போகாமலே யு.பி.எஸ். அடிக்கடி 'டிக்' என்று பேட்டரிக்கு மாறுகிறதா? யு.பி.எஸ்.சைத் திட்டுவதற்கு முன் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். கருத்த பின், கருகிய வாடை இருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

சரியான வழி இரண்டு. ஒயர் முனையில் அதே அளவுக்கான பின் லக் போட்டு, கிரிம்பிங் டூலால் அழுத்துவது ஒன்று. பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஈயம் பற்றவைத்துச் செருகுவதும் வேண்டாம். ஸ்குரூ அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி இணைப்பு லூஸாகிவிடும். பின் லக்கும் நுழையாவிட்டால், போர்டுக்குள்ளேயே 4 சதுர மி.மீ. தாங்கும் கனெக்டர் வைத்து, அதிலிருந்து 1.5 துண்டு ஒயரைச் சாக்கெட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் பிடித்த வழி. ஒரே நிபந்தனை: எம்.சி.பி. அந்த மெல்லிய துண்டுக்கும் சாக்கெட்டுக்கும் ஏற்றபடி 6 ஆம்பியராக இருக்க வேண்டும். தடிமனான ஒயர்தானே என்று 20 ஆம்பியர் போட்டால், எம்.சி.பி. விழுவதற்குள் சாக்கெட் கருகிவிடும்.

எர்த் ஒயரையும் இதேபோல முடிக்க வேண்டும். அதன் இழைகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்! மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.