பெட்டித் துணிக்கு வாசனையைவிட உலர்ச்சியே முக்கியம்

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் காவிரியின் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. வாழை, வெற்றிலை, கரும்பு பயிராகும் இந்தப் பாசனப் பகுதியில் காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையும் சேரும்போது, பெட்டியில் வைத்த போர்வை, ஜமக்காளம், பட்டுச்சேலை ஆகியவற்றில் மக்கல் வாடை வீசுகிறது. தை மாதம் விருந்தினருக்கு எடுத்து விரிக்கும்போதுதான் இது தெரிய வருகிறது.

வாடைக்குக் காரணம்

இந்த வாடைக்குக் காரணம் பூசணம். பருத்தித் துணி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. காற்றின் ஈரப்பதம் 70 சதத்துக்கு மேல் பல நாள் நீடித்தால் துணியில் பூசணம் பிடிக்கும். வியர்வை, எண்ணெய்க் கறை, கஞ்சிப் பசை ஆகியவை அதற்கு உணவாகின்றன. கஞ்சிப் பசையை இராமபாணப் பூச்சியும் தேடி வரும்.

சேமிக்கும் முறை

விதைநெல்லை 13 சத ஈரத்துக்குக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே மூட்டை பிடிப்பது வழக்கம். துணிக்கும் இதே விதிதான். நெடுநாள் வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாமல் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். பனி இறங்குமுன், மாலை 4 மணிக்குள் எடுத்து, நிழலில் ஆறவிட்டு மடிக்க வேண்டும். பட்டை நிழலில் மட்டுமே உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பாலித்தீன் பை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மீது, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும்.

வெட்டிவேர், வசம்பு, நிழலில் உலர்த்திய வேப்பிலை அல்லது நொச்சி இலையை மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். பச்சை இலை ஈரத்தைக் கொண்டு வரும். வாசனைப் பொருள் துணைக்குத்தான். ஈரத் துணியை அது காக்காது.

எச்சரிக்கை

கைக்குழந்தையின் துணியுடன் அந்துருண்டை வைக்கக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி.டி. என்னும் நொதி குறைவாக இருக்கும். அந்துருண்டை வாடை ஏறிய துணி இவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கலாம். பயிருக்குத் தூவும் பூச்சிமருந்துத் தூளையோ, தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையையோ துணிப் பெட்டியில் ஒருபோதும் போடக் கூடாது. இம்மாத்திரை ஈரம் பட்டதும் வெளியிடும் பாஸ்பீன் வாயு, வீட்டில் உறங்குவோரின் உயிரைப் பறிக்கும்.

மழைக்காலத்தில் வெயில் காணும் நாளிலெல்லாம் பெட்டியைத் திறந்து துணிகளைக் காற்றாட விடுவதே செலவில்லாத, ஆபத்தில்லாத வழியாகும்.