மாணாக்கரும் மனத்துயரும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளினின்று கலாசாலைக்கு வரும் மாணாக்கருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பயில்வோர். இரவில் ஆலையிலோ காசிமேட்டு மீன்துறையிலோ உழைத்துக் காலை வகுப்பிற் கண்ணயர்வாரைச் சோம்பர் என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம், இஃது அநியாயம். அவரிடம், "யாது நேர்ந்தது?" என வினவினோர் எத்துணையர்?

மனம் நொந்தார்க்கு முதல் மருந்து இடைமறியாது கேட்குஞ் செவியே. அதனையே பணியாகக் கொண்டு, 1986-ஆம் ஆண்டில் மருத்துவர் லட்சுமி விஜயகுமாராற் சென்னையில் நிறுவப்பெற்றது சிநேகா. அங்குள்ள தொண்டர்கள் அறிவுரை கூறுவதினும் செவிகொடுப்பதே மிகுதி. 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணும் 2022 முதல் இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழில் விடையளிக்கின்றது.

மாற்றுத்திறனாளர்க்கு, அரசினர் கல்லூரிகளிலும் அரசுதவி பெறுவனவற்றிலும் நூற்றுக்கு 5 இடங்களேனும் ஒதுக்குமாறு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. வகுப்பு மாடியிலிருந்து, சாய்தளமும் மின்தூக்கியும் இல்லையாயின், பெற்ற இடம் ஏட்டளவினதே.