கடன் கொப்பி நீதிமன்றம் ஏறும்போது

கொடுக்கும்போது கையெழுத்துக் கேட்க நம்மில் பலருக்கு வெட்கம். கேட்டால் எதிரில் இருப்பவர் மனம் நோகும், நம்மை நம்பவில்லை என்று நினைப்பார் என்று விட்டுவிடுகிறோம். பணம் வராமல் போன பிறகு சட்டத்தரணியின் படியேறுகிறோம். அவர் கேட்கும் முதல் கேள்வியே, "கையில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

இரத்தினபுரியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இலேசானதல்ல. இங்கே கல் வியாபாரம் வாய்ச்சொல்லில் நடக்கிறது. பல இலட்சம் பெறுமதியான நீலக்கல், கடதாசியில் மடித்துத் தரகர் கையில் போகிறது. தோட்டப் பக்கத்துக் கடைகளில் அரிசியும் மாவும் கொப்பிக் கணக்கில் போகின்றன. இப்போது மொத்த வியாபாரத்தில் ஓடர் வருவதும், விலை பேசுவதும், "அடுத்த மாதம் தருகிறேன்" என்று தவணை கேட்பதும் வட்ஸ்அப்பில்தான். நமது அத்தாட்சியில் பாதி கொப்பியிலும் பாதி தொலைபேசியிலும் கிடக்கிறது. இரண்டையும் நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதை வியாபாரி தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கொப்பி. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, வியாபாரத்தில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தின் பதிவுகள் வழக்குக்குப் பொருத்தமானவை. ஆனால் அந்தப் பதிவு மட்டும் ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நமது கொப்பியை நாமே எழுதுகிறோம் அல்லவா? ஆகவே பொருள் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டோ, லொறிச் சாரதியின் சாட்சியோ, வங்கிச் சீட்டோ பக்கபலமாக வேண்டும்.

அடுத்தது காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் பலருக்குத் தெரியாமலேயே பலருடைய பணத்தை விழுங்கியிருக்கிறது. விற்று ஒப்படைத்த பொருள், கடை பில், புத்தகக் கடன் ஆகியவற்றுக்கு, பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். எழுத்தில்லாத வாக்குறுதிக்கு மூன்று வருடம். எழுத்தில் செய்த உடன்படிக்கைக்கும் வாக்குறுதிச் சீட்டுக்கும் ஆறு வருடம். ஒரு கையெழுத்தின் பெறுமதி என்னவென்று இந்தக் கணக்கே சொல்கிறது. "பெருநாள் போகட்டும், தருவார்" என்று இரண்டு பெருநாள் பொறுத்தால் கடை பில்லின் காலம் முடிந்திருக்கும்.

இனித் தொலைபேசி. வட்ஸ்அப் செய்தியை நீதிமன்றம் ஏற்காது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் செய்தியையும் ஆவணத்தையும் சாட்சியமாக ஏற்க வழி செய்துள்ளது. அதன் 21ஆம் பிரிவின்படி, மாறாக நிரூபிக்கப்படும் வரை, செய்தியில் உள்ளது உண்மை என்றும், அனுப்பியதாகத் தோன்றும் ஆளே அதை அனுப்பினார் என்றும் நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இது வியாபாரிக்குக் கிடைத்த பெரிய பலம். ஆனால் காணி விற்பனைக்கு இது உதவாது. காணிக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதியே வேண்டும்.

ஒலி, ஒளிப்பதிவுகளும் கணினிப் பதிவுகளும் பற்றி இதற்கு முன்பே 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்திருந்தது. அதன்படி, சமர்ப்பிக்கப்போகும் சாட்சியத்தின் பட்டியலை விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்து நீதிமன்றத்தில் கோவைப்படுத்த வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவற்றுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. உங்கள் பதிவு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு, அந்த 45 நாட்களுக்கு முன்பே பொருள் அவர் கையில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவரிடம் கடனாளி "உங்கள் பணம் என் பொறுப்பு" என்று அனுப்பிய குரல் செய்தியே இருந்தது. வழக்கு நாளுக்கு முன் அவர் புதிய தொலைபேசி வாங்கி, பழையதைக் கடைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது இரண்டு ஸ்கிரீன்ஷொட் படங்கள். அவற்றில் திகதியும் இல்லை, இலக்கமும் இல்லை. எதிர்த்தரப்புக் கேட்ட கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் பாதித் தொகைக்குச் சமாதானமாகப் போனார்.

ஆகவே ஆயத்தம் கடையிலேயே தொடங்க வேண்டும். செய்தி வந்த தொலைபேசியை வழக்கு முடியும் வரை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். தானாக மறையும் செய்தி வசதியை நிறுத்திவையுங்கள். ஒரு வரியை மட்டும் படமெடுக்காமல், உரையாடல் முழுவதையும் திகதி, இலக்கத்தோடு வெளியே எடுத்து இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். இயந்திரத்தில் அச்சாகும் பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலப் பத்திரத்தை வீசிவிடக் கூடாது. காசோலை, வாக்குறுதிச் சீட்டு போன்றவற்றுக்கு மூலப்பிரதியையே கேட்பார்கள்.

நமது ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகியபோது கடைகளுக்குள் புகுந்த வெள்ளத்தை நாம் கண்டோம். மூலப்பிரதி தொலைந்தாலோ அழிந்தாலோ பிரதியை இரண்டாந்தரச் சாட்சியமாகக் காட்ட சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இடம் தருகிறது. காட்டுவதற்குப் பிரதி ஒன்று வேண்டுமே! அந்தப் பிரதி அதே அலுமாரியில் இருந்தால் அதுவும் தண்ணீரோடு போய்விடும்.

சட்டத்தரணியிடம் கொடுக்கும்போது பையோடு கொட்டாதீர்கள். திகதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டு, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, யார் எழுதியது, யார் அதைப் பற்றிச் சாட்சி சொல்லலாம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். நீதிமன்றத்தில் அவை பீ 1, பீ 2 என்று குறியிடப்படும். குறியிட்டதோடு வேலை முடிந்துவிடாது. எதிர்த்தரப்பு, நிரூபிக்க வேண்டும் என்று ஆட்சேபித்தால் எழுதியவரையோ அறிந்தவரையோ அழைக்க வேண்டிவரும். வழக்கை முடிக்கும்போது ஆவணங்கள் வாசிக்கப்படும் வேளையில் ஆட்சேபனை இல்லையென்றால், அவை எல்லாத் தேவைக்கும் சாட்சியமாகும் என்று 1981இல் அறிக்கையிடப்பட்ட இலங்கைத் துறைமுக அதிகாரசபை எதிர் ஜூகோலினியா வழக்கின் தீர்ப்புக் கூறியது.

மொழியையும் மறந்துவிடக் கூடாது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி நமது மாவட்ட நீதிமன்றங்களின் மொழி சிங்களம். தமிழிலும் ஆவணம் சமர்ப்பிக்கும் உரிமை அதே உறுப்புரையில் உண்டு. என்றாலும், தமிழ்க் கொப்பிக்கும் செய்திகளுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பை இணைத்தால் தவணைகள் வீணாகப் போகாது.

உலகம் எங்கே போகிறது என்றும் பார்ப்போம். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலேயே சிவில் வழக்கு ஆவணங்களைக் கணினி வழியாகக் கோவைப்படுத்துவது கட்டாயமாயிற்று. இந்தியாவில் மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டெம்பரில் 7,210 கோடி ரூபா ஒதுக்க மத்திய அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. 2024 ஜூலை 1ஆம் திகதி அமுலுக்கு வந்த அங்குள்ள புதிய சாட்சியச் சட்டம், இலத்திரனியல் பதிவோடு ஒரு சான்றிதழும் அதில் 'ஹேஷ்' எண்ணும் கேட்கிறது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். தமிழ்நாட்டு வியாபாரியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்றே தேவைப்படலாம். நமது ஊர் வழக்குகள் பெரும்பாலும் காகிதக் கோப்பில் நடந்தாலும், கணினிக் கோப்பு முறை இங்கு பரவும்போது ஒழுங்காக ஸ்கேன் செய்து பட்டியலிட்டு வைத்திருப்பவருக்குப் புதிதாகச் செய்ய அதிகம் இருக்காது.

கடன் கொடுத்தால் தவணையோடு எழுதிக்கொள்ளும்படி சொல்லும் சூறா அல்பகறாவின் 282ஆம் வசனமே அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம். எழுதச் சொல்வது நம்பிக்கையீனம் அல்ல. இருவரையும் சச்சரவிலிருந்து காக்கும் ஏற்பாடு. அடுத்த முறை கடனுக்குப் பொருள் கொடுக்கும்போது, பற்றுச்சீட்டோடு பேனாவையும் சேர்த்து நீட்டுங்கள்.